மெலிவு தரும் மருந்துகள்: பயனும் ஊறும்



இலக்கிய மேடையில் மருந்துப் பேச்சு எதற்கு என்று சிலருக்குத் தோன்றக்கூடும். திருவள்ளுவர் மருந்துக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தவர். பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையில் அது அங்கவியலின் இறுதியில், கள்ளுண்ணாமைக்கும் சூதுக்கும் அடுத்து நிற்கிறது. விரும்பிப் பற்றுவன, பற்றியபின் விடாதன என்ற வரிசையை அடுத்து மருந்து வந்து நிற்பது தற்செயலோ, குறிப்போ, உரையாசிரியர்கள் முடிவு செய்யட்டும். இன்று மருந்து ஒன்று விரும்பிப் பற்றும் பொருளாகிவிட்டது. உடல் எடையைக் குறைக்கும் ஊசி மருந்தே அது.

ஆரணி எடையறிந்த ஊர். தறிக்காரருக்குப் பட்டும் ஜரிகையும் நிறுத்தே தரப்படுகின்றன. நெய்து முடித்த சேலையும் நிறுத்தே வாங்கப்படுகிறது. காஞ்சிப் பட்டினும் எடை குறைந்தது, உடுத்த எளியது என்பதே ஆரணிப் பட்டுக்குப் பலர் சொல்லும் சிறப்பு. இந்த எடைக் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. கோராப் பட்டைச் சோப்பும் சோடாவும் இட்ட கொதிநீரில் வேகவைத்துச் சாயத்துக்கு அணியமாக்கும்போது நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு எடை போய்விடும். போவது இழை அன்று. இழையைப் பொதிந்திருக்கும் செரிசின் என்னும் பசை. பசை போனால்தான் பட்டுக்கு மினுக்கும் மென்மையும் வரும். அளவு கடந்து வேகவைத்தாலோ பசையோடு இழையின் வலுவும் போகும். பாவு தறியில் ஏறியபின் அறுந்து அறுந்து நெசவாளியின் பொறுமையைச் சோதிக்கும். தராசு இந்த இரண்டு இழப்பையும் வேறுபடுத்திச் சொல்லாது. ஒரே எண்ணைத்தான் காட்டும். மனித உடலின் எடைக்கும் இதே நிலைதான் என்பது பின்னர் விளங்கும்.

தமிழ் இலக்கியம் மெலிவை எப்படிப் படித்தது என்பதை இங்கே ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். சங்க அகப்பாடல்களில் தலைவி மெலிந்தால் அது துயரின் அடையாளம். தோள் வாடுவதும் வளை நெகிழ்வதும் பசலை படர்வதும் பிரிவின் கணக்கேடுகள். வளை கழன்று விழுந்த பெண்ணைக் கண்டு தாய் அஞ்சினாள், தோழி பதறினாள், ஊர் அலர் தூற்றியது. அந்த மரபு வீட்டுப் பேச்சில் அண்மைக்காலம் வரை வாழ்ந்தது. விடுமுறைக்கு வந்த பிள்ளையைப் பார்த்து இளைத்துப்போய்விட்டாயே என்று வருந்திய பாட்டிமார் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தனர். அதே மொழியில் கொழுப்பு என்னும் சொல்லுக்குத் திமிர் என்ற பொருளும் ஏறி நின்றது. பருத்தவரைப் பார்த்து நகைப்பதும், பருமனை ஒழுக்கக் குறைபாடாகக் கருதுவதும் இந்தச் சொல்லிலேயே ஒளிந்திருக்கின்றன. சோம்பேறி, வாய்க்கட்டு இல்லாதவர், உண்பதே தொழிலானவர் என்னும் பழிச்சொற்களைக் கேட்டுக் கேட்டு மருத்துவரிடம் போகவே நாணுகின்ற பெண்கள் எத்தனையோ பேர். பருமன் ஒரு நோய்நிலை என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஏற்காமல் நிற்பது பழக்கத்தில் ஊறிய நாக்குத்தான்.

நோய்நிலை என்பது வெறும் சொல்லலங்காரமன்று. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய பேராய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10.1 கோடி என்றும், அதன் வாயிலில் நிற்போர் 13.6 கோடி என்றும் அது மதிப்பிட்டது. நூற்றுக்கு 39.5 பேருக்கு வயிற்றுப் பருமன் இருப்பதாகவும் கண்டது. தமிழகத்தைப் பொறுத்தவரை, 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடை அல்லது பருமன் உடையவர்கள். இந்தியர் உண்ணும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று அதே பேராய்வைச் சார்ந்து 2025-இல் வெளியான கட்டுரை கூறியது. ஆரணிக்கும் களம்பூருக்கும் பொன்னி அரிசியால் வந்த பெயரை அறிந்தவர்களுக்கு இந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை. தீட்டித் தீட்டி வெளுத்த அரிசியை மூன்று வேளையும் உண்டுவிட்டுக் குழித்தறியில் இறங்கி அமர்பவருக்குக் கையும் காலும் இயங்கும், இடுப்பு இயங்காது. ஜக்கார்டைத் தூக்க மின்விசை பொருத்திக்கொண்ட தறிகளில் காலுக்கு இருந்த உழைப்பிலும் ஒரு பகுதி போயிற்று.

இந்திய உடலில் இன்னுமொரு புதிர் உண்டு. 2004-இல் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் படங்களை அருகருகே வைத்து லான்செட் இதழில் ஒரு பக்கம் வெளியிட்டனர். இருவருக்கும் உடல் நிறைச் சுட்டெண் 22.3 தான். ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலில் 21.2 விழுக்காடு. பார்வைக்கு இருவரும் மெலிந்தவர்களே. தராசும் ஒன்றையே சொல்லியது. இந்தியருக்குத் தசை குறைவு, உள்ளுறையும் கொழுப்பு மிகுதி என்பதே இதன் பொருள். ஆகவேதான் இந்திய மருத்துவர்கள் 2009-இல் வகுத்த வரையறையில் சுட்டெண் 25-லேயே பருமன் தொடங்குகிறது. உலக அளவுகோலில் அது 30. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்னும் எல்லையும் அவர்கள் வகுத்ததே.

மெலிவு தரும் மருந்துகளின் பழைய வரலாறு மகிழத்தக்கதன்று. முதல் உலகப் போரின்போது பிரான்சின் வெடிமருந்து ஆலைகளில் வேலை செய்தவர்கள் எடை குறைவதையும், வியர்த்துக் காய்ந்து சிலர் இறந்துபோவதையும் மருத்துவர்கள் கண்டனர். காரணம் டைநைட்ரோபீனால் என்னும் வேதிப்பொருள். உண்ட உணவின் ஆற்றலை உடல் சேமிக்கவிடாமல் வெப்பமாகச் சிதறச் செய்வது அதன் இயல்பு. 1933-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அதனையே எடைக்குறைப்பு மருந்தாக ஆய்ந்து அறிவித்தனர். பல்லாயிரவர் வாங்கி உண்டனர். எடை குறைந்ததும் உண்மை. கண்புரை விழுந்து பார்வை இழந்ததும், உடல் உள்ளிருந்தே வெந்து மாண்டதும் உண்மை. 1938-இல் அமெரிக்கச் சட்டம் அதனை மனித உணவுக்கு ஆகாதது என ஒதுக்கியது. ஆனாலும் அது இன்றும் மறைவாக விற்கப்படுகிறது என்பதுதான் வியப்பு. பின்னர் வந்த ஃபென்ஃபுளூரமின் இதய வால்வைக் கெடுத்ததால் 1997-இல் திரும்பப் பெறப்பட்டது. மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டிய ரிமோனபான்ட் 2009-இலும், மாரடைப்புக்கு வழிவகுத்த சிபுட்ரமின் 2011-இலும் இந்தியாவில் தடைசெய்யப்பட்டன. இவை யாவும் ஒரு காலத்தில் மருத்துவர் கையெழுத்தோடு விற்கப்பட்டவையே என்பதை மறக்கலாகாது.

இன்று பேசப்படும் மருந்துகள் வேறு குலத்தவை. இவற்றின் கதை அமெரிக்கப் பாலைநிலத்து நச்சுப் பல்லி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. மனிதக் குடல், உணவு வந்ததும் ஜிஎல்பி-1 என்னும் சுரப்பை இரத்தத்தில் விடுகிறது. அது கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கச் செய்யும்; இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும்; மூளைக்குப் போதும் என்று சொல்லும். ஆனால் இரண்டு மணித்துளிகளுக்குள் பாதி அழிந்துவிடும். ஹீலா என்னும் அந்தப் பல்லியின் நச்சில் இதையொத்த, எளிதில் அழியாத பொருள் இருப்பதை ஜான் எங் என்னும் அமெரிக்க மருத்துவர் 1992-இல் அறிவித்தார். அதிலிருந்து பிறந்த மருந்து 2005-இல் நீரிழிவுக்கு வந்தது. அதே வழியில் ஆராய்ந்து சென்றவர்கள் வாரம் ஒருமுறை போட்டால் போதுமான செமாகுளூட்டைடையும், இரண்டு சுரப்புகளின் வேலையை ஒருங்கே செய்யும் டிர்செபடைடையும் அடைந்தனர். முன்னது ஓசெம்பிக் என்னும் பெயரில் நீரிழிவுக்கும், வெகோவி என்னும் பெயரில் பருமனுக்கும் விற்கப்படுவது. பின்னது மவுஞ்சாரோ.

இவற்றின் பயனைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. 2021-இல் வெளியான ஆய்வில் செமாகுளூட்டைடு 68 வாரங்களில் சராசரியாக உடல் எடையில் 14.9 விழுக்காட்டைக் குறைத்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்குக் குறைந்தது 2.4 தான். 2022-இல் டிர்செபடைடின் உயர் அளவு 72 வாரங்களில் 20.9 விழுக்காட்டை எட்டியது. எடையைவிடப் பெரிய செய்தி 2023-இல் வந்தது. இதயநோயும் மிகை எடையும் உடைய, நீரிழிவு இல்லாத 17,604 பேரிடம் நடந்த ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் இறப்பு ஆகியவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. உலக நலவாழ்வு நிறுவனம் 2025 செப்டம்பரில், பருமனோடு கூடிய நீரிழிவுக்கென இக்குல மருந்துகளைத் தன் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மூட்டு தேய்ந்து தறிக்குழியில் இறங்க முடியாதவருக்கும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சேர்ந்து இதயத்தை நெருக்குபவருக்கும் இது வாழ்வு தரும் மருந்து. அவரைப் பார்த்து, வாயைக் கட்டினால் போதாதா என்று கேட்பது கொடுமை. பசியைச் சுரப்புகள் ஆள்கின்றன. மனவுறுதி மட்டும் ஆள்வதில்லை.

ஊறுகள் எவை? குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியன பலருக்கும் வரும். மெதுவாக அளவைக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கும். பித்தப்பைக் கல்லும் கணைய அழற்சியும் சிலருக்கு வரலாம். குடும்பத்தில் மெடுல்லரி என்னும் ஒருவகைத் தைராய்டுப் புற்றுநோய் இருந்தால் போடவே கூடாது. இன்சுலினோ சர்க்கரைக்கான சில பழைய மாத்திரைகளோ உடன் இருந்தால் சர்க்கரை அளவுக்குமேல் தாழ்ந்து மயக்கம் வரும். அறுவைக்குமுன் இந்த ஊசி போடுவதைச் சொல்லாமல் விட்டால், காலியாகாத இரைப்பையிலிருந்து உணவு மூச்சுக்குழலில் ஏறும் இடரும் உண்டு.

ஆரணிக்கு இவற்றினும் மேலான கவலைகள் இரண்டு. ஒன்று, கண். நீரிழிவால் விழித்திரை முன்பே பழுதுற்றவருக்குச் சர்க்கரை விரைந்து இறங்கும்போது அப்பழுது சிலகாலம் முற்றலாம். செமாகுளூட்டைடு உட்கொள்வோரில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் வரை பார்வை நரம்பு பாதிக்கப்படலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025 ஜூனில் அறிவித்தது. மிக அரிது என்பது உண்மையே. எனினும் மயிரிழையினும் மெல்லிய பட்டிழை அறுந்தால் அதைக் கண்டெடுத்து முடிய வேண்டியவருக்குக் கண்ணே மூலதனம். முதல் ஊசிக்கு முன் கண் மருத்துவரைக் காண்பது சர்க்கரையுள்ள நெசவாளிக்கு விருப்பத்தைப் பொறுத்ததன்று, கட்டாயம்.

மற்றொன்று, பட்டு வேகவைக்கும் கதை. செமாகுளூட்டைடு ஆய்வில் ஒரு பகுதியினரை ஊடுகதிர்க் கருவியால் அளந்தபோது, குறைந்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கொழுப்பல்லாத திசு என்று தெரிந்தது. தசையும் அதில் அடங்கும். யாஜ்னிக்கின் படம் சொல்வதுபோல் தசையே குறைந்த உடலில் இந்த இழப்பு இருமடங்கு கருதத்தக்கது. பசி அடங்கியவர் இரண்டு வாய்ச் சோறும் இரசமும் உண்டு எழுந்தால், பசையோடு இழையும் போகும். பருப்பு, முட்டை, மீன், தயிர் முதலியவற்றால் புரதத்தைக் கூட்டுவதும், பளு தூக்கித் தசையை உழைக்கச் செய்வதும் ஊசியோடு சேர்ந்தே நடக்க வேண்டியவை. பழைய மருத்துவத்தில் மருந்தென்றால் பத்தியமும் உண்டு. ஊசிக்குப் பத்தியம் இல்லை என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே ஆய்வில் மருந்தை நிறுத்தியவர்கள் ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை மீண்டும் ஏற்றிக்கொண்டனர். திரும்பி வருவதில் பெரும்பகுதி கொழுப்பே. இழந்த தசை உழைப்பின்றி எளிதில் மீளாது. மவுஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது தொடக்க அளவு ஊசி ஒன்று 3,500 ரூபாய், அடுத்த அளவு 4,375 ரூபாய்; மாதத்துக்கு நான்கு ஊசிகள். கூலிக்கு நெய்யும் குடும்பத்துக்கு எட்டாத விலை இது. செமாகுளூட்டைடின் இந்தியக் காப்புரிமைக்கு உரிய எல்லை 2026 மார்ச் மாதம். காப்புரிமை நீங்கினால் பலர் செய்வர், விலை இறங்கும் என்பது மருந்து வணிகத்தின் இயல்பு. அது நன்மையே. ஆனால் நெசவாளியின் வரவு முகூர்த்த மாதங்களில் நிமிரும், ஆடியில் குனியும். தையில் தொடங்கி ஆடியில் நிறுத்தி ஆவணியில் மீண்டும் தொடங்கும் ஊசி, தசையைத் தின்று கொழுப்பைத் திருப்பித் தரும் ஊசியாகிவிடும். இடையில் விட்டவர் பழைய உயர் அளவிலேயே மீண்டும் தொடங்கினால் வாந்தி வேறு வாட்டும்.

இதனினும் பெரிய இடர், மருந்து வரும் வழி. இவை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகள். போலி ஓசெம்பிக் பல நாடுகளில் புழங்குவதாக உலக நலவாழ்வு நிறுவனம் 2024 ஜூனில் எச்சரித்தது. பருமனைப் போக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருந்துகள் விளம்பரச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தின் பட்டியலில் பருமன் என்னும் பெயரே இருக்கிறது. பேருந்து முதுகிலும் சுவரொட்டியிலும் கைப்பேசியிலும் அந்தச் சட்டம் நாள்தோறும் படும் பாட்டை எல்லாரும் அறிவர். 2026 ஜனவரியில் மதுரைக் கல்லூரி மாணவி ஒருவர், உடல் மெலியும் என்று காணொளி ஒன்று சொன்னதை நம்பி, நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கி உண்டு உயிரிழந்தார். காணொளி யாருடைய சுட்டெண்ணையும் கணக்கிடாது. மெலிய வேண்டுமா என்ற கேள்வியையே அது கேட்காது.

பட்டு ஊரில் இந்த ஆசை கலியாணத்தை ஒட்டியே மிகுதியும் எழும். நாள் குறித்தாயிற்று, பட்டெடுத்தாயிற்று, மூன்று மாதத்தில் மணப்பெண் மெலிய வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் ஒரு சொல் சொல்லியிருப்பார்கள். பெண் எதிர்த்துப் பேச முடியாமல் ஊசிக்கு வழி தேடுவாள். இதில் அடங்கிய ஆபத்தை வீட்டார் உணர்வதில்லை. செமாகுளூட்டைடு உடலைவிட்டு நீங்க வாரங்கள் ஆகும் என்பதால், கருவுற எண்ணினால் இரண்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும் என்பது மருந்து விதி. டிர்செபடைடோ, கருத்தடை மாத்திரையின் வலுவைக் குறைக்கக்கூடியது. சினைப்பை நீர்க்கட்டியால் மாதவிலக்கு ஒழுங்கற்ற பெண்களுக்கு, எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடும். மணமான முதல் மாதத்திலேயே நல்ல செய்தியை எதிர்பார்க்கும் குடும்பம், முகூர்த்தத்துக்கு முந்திய வாரம்வரை ஊசி போட்டுக்கொண்டிருந்த பெண்ணை என்ன நிலையில் நிறுத்துகிறது? மெலிந்த தோளைத் துயரின் அடையாளமாகப் படித்த பழந்தமிழ்த் தோழி இந்தப் பெண்ணைக் கண்டிருந்தால் சரியாகவே படித்திருப்பாள்.

வள்ளுவரின் மருந்ததிகாரத்து இறுதிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர். இப்பகுப்பில் மருந்து மூன்றாவதாகவே நிற்கிறது. ஊசி அஞ்சலில்கூட வந்துவிடும். அருகிருந்து கவனிப்பவர் அப்படி வருவதில்லை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 1948-இல் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கிய பேராசிரியர் எம். விசுவநாதன் காலந்தொட்டே, மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பாமல் உணவையும் பழக்கத்தையும் கேட்டறியும் மரபு தமிழகத்தில் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. வாசலுக்கு வரும் அந்தப் பணியாளர் கையில் ஓர் அளவுநாடா இருந்தால், தறிவீட்டுப் பெண்களின் இடுப்புச் சுற்றளவு ஏட்டில் ஏறும். யாருக்கு ஊசி தேவை, யாருக்கு நடையும் பருப்பும் போதும், யாருக்கு எதுவுமே தேவையில்லை என்று பிரித்தறிய மருத்துவருக்கு அதுவே முதற்படி. தேவை உள்ளவருக்குப் பொது மருத்துவமனை வழியாகவே இம்மருந்து கிடைக்கச் செய்வதும் அரசின் கடமை. பணமுள்ளவர் ஆசைக்குப் போட்டுக்கொள்ள, நோயுள்ளவர் விலை கேட்டுத் திரும்பிவரும் நிலை நாணத்தக்கது.

ஆரணிக் கடையில் சேலையெடுக்க வரும் குடும்பத்திடம் கடைக்காரர் முதலில் கேட்பது முகூர்த்தம் என்றைக்கு என்பதைத்தான். ஊசி கேட்டு வரும் பெண்ணிடம் மருத்துவரும் முதலில் அதையே கேட்க வேண்டும். அடுத்து, குழந்தையை எப்போது எதிர்பார்க்கிறீர்கள் என்பதை. மூன்றாவது கேள்வியை, உடன் வந்தவர்களை வெளியே அமரச் சொல்லிவிட்டு, அவளிடம் மட்டும் கேட்க வேண்டும்: மெலிய வேண்டும் என்று சொன்னவர் யார்?